சுவருக்கும் ஒரு வேலை வேண்டும்

போன மாதம் நானும் என் மனைவியும் பெங்களூருக்குப் போயிருந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே இருக்கிறார்கள். ராஜபாளையத்திலிருந்து வந்த மாமனார் மாமியாருக்கு ஊரில் எது பெரிதோ அதைக் காட்டிவிட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விட்டல் மல்லையா ரோட்டில் இருக்கும் யு.பி. சிட்டி என்ற இடத்துக்கு அழைத்துப் போனார்.

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கண்ணாடிக் கோபுரங்கள். உள்ளே கடை கடையாய்ச் சீமைச் சரக்கு. என் மனைவி ஒரு கைப்பையை எடுத்தாள். அதில் தொங்கிய விலைச்சீட்டைப் படித்ததும், பாம்பைத் தொட்டவள் போல் கீழே வைத்துவிட்டாள்.

"இந்த விலைக்கு நம் ஊரில் கன்றோடு பசு வாங்கலாம். அது பாலாவது கறக்கும்" என்றாள், வெளியே வந்த பிறகு.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமாயிருந்தால் பால்கோவாவும் ஆகும்" என்றேன் நான்.

திரும்பும்போது ஆட்டோவில் ஏறினோம். ஓட்டியவர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து சிறு வயதில் பிழைக்க வந்தவராம். எங்கள் தமிழைக் கேட்டதும் அவருக்கும் பேச்சு வந்துவிட்டது.

"இது எல்லாம் அந்தக் காலத்திலே பீர் பாக்டரி, அம்மா. இந்தப் பக்கம் வந்தால் கஞ்சி காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டே இடத்தைச் சொல்லிவிடலாம். இப்போது இடம் தெரியாமல் நானே சுற்றுகிறேன்" என்றார்.

பீர் என்றதும் இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். நான் குடிக்கவும் சொல்லப் போவதில்லை, குடித்தவர் கதையைச் சொல்லி அழவைக்கவும் போவதில்லை. அதைக் காய்ச்சிய கட்டிடங்களைப் பற்றித்தான் பேச்சு. ஏன் என்பது கடைசியில் புரியும். இதில் எங்கள் அக்கா வீட்டு வழக்கு ஒன்றும் கலந்திருக்கிறது.

ஆட்டோக்காரர் சொன்ன கஞ்சி வாசனை பொய்யில்லை. பார்லியை ஊற வைத்து, தரையில் பரப்பி, முளை விட்டதும் சூட்டில் உலர்த்துவார்கள். அதற்குத்தான் மால்ட் என்று பெயர். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச நாம் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைக்கிறோமே, ஏறக்குறைய அதே காரியம். முளைகட்டினால் தானியத்தில் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். அதை நொறுக்கி, வெந்நீரில் ஊற வைத்து, இனிப்பான சாற்றை இறுத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஆறின பிறகு ஈஸ்ட்டைச் சேர்த்தால், ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பாத்திரத்தை விட்டுப் பொங்கி வருகிற மாதிரி அதுவும் பொங்கும். அப்புறம் பல நாள் குளிர்ச்சியில் கிடக்க வேண்டும்.

அதனால்தான் அந்தக் காலத்து பீர் ஆலைகளுக்கு ஒரு தனி உடல்வாகு இருந்தது. தானியம் பரப்ப அகன்ற தளம். உலர்த்தும் அடுப்புக்கு உயர்ந்த புகைபோக்கி. வெயிலின் சூடு உள்ளே வராமலிருக்கக் கனத்த சுவர். பீப்பாய்களை அடுக்க நிலவறை. ஐஸ் மெஷின் பரவுவதற்கு முன்னால் எங்கே இயற்கையாகவே குளிர்ச்சி உண்டோ அங்கேதான் வெள்ளைக்காரன் ஆலை வைத்தான். வடக்கே கசௌலி, சோலன், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் மரீ. தெற்கே நீலகிரி, அதற்கு அடுத்தபடி பெங்களூர்.

தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ஆம் வருஷம் தென்னாட்டிலிருந்த ஐந்து சிறு ஆலைகளை ஒன்று சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். ஐந்திலும் மூத்தது நம் நீலகிரியில் 1857-ல் தோன்றிய காஸில் புரூவரி. பட்டாளத்துக்காரர்கள்தான் முக்கியமான வாடிக்கைக்காரர்கள். பெரிய பெரிய பீப்பாய்களில் அடைத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, சென்னைக்கும் பெங்களூருக்கும் நீலகிரிக்கும் அனுப்புவார்களாம். 1947-ல் விட்டல் மல்லையா அந்தக் கம்பெனியின் முதல் இந்திய டைரக்டரானார். அடுத்த வருஷமே தலைவரானார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கி வைத்த மதுவிலக்கு, அதே 1948-ல்தான் சென்னை மாகாணம் முழுவதும் பரவி முடிந்தது. இங்கே கடையை மூடிய வருஷத்தில் அங்கே ஒரு கம்பெனி புது முதலாளியோடு கிளம்பியது!

பிறகு பெங்களூர் வளர்ந்தது. ஆலை நின்ற இடம் நகரத்தின் நடு மையமாயிற்று. மனை விலை ஏற ஏற, அங்கே பார்லியை முளைகட்டிக் கொண்டிருப்பது கட்டுப்படியாகாது அல்லவா? ஆலை வெளியேறியது, கட்டிடங்கள் போயின. 2008-ல் கண்ணாடிக் கோபுரங்கள் திறக்கப்பட்டன. பழைய ஆலையில் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கள் மட்டும் மிச்சம். யு.பி. என்றால் யுனைடெட் புரூவரீஸ். கைப்பை வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ?

இதையெல்லாம் ஒரு சுற்றுலாக் கதையாக நினைத்து மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். மறுநாள் காலையிலேயே அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, சாயங்காலம் வந்துவிட்டுப் போ. அத்தான் கிட்டங்கியை விற்கப் போகிறாராம்."

கிட்டங்கி என்றால் எங்கள் பக்கத்தில் சரக்கு அடைக்கும் இடம். இதை அத்தானின் தகப்பனார் பஞ்சு வியாபாரத்துக்காகக் கட்டினார். எங்கள் ஊரைச் சுற்றிக் கரிசல் பூமி. கரிசலில் பருத்தி. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு ஊரின் மூச்சே பஞ்சு என்று ஆயிற்று. பஸ் நிறுத்தத்துக்குக்கூடப் பஞ்சு மார்க்கெட் என்றுதான் பெயர். கிட்டங்கி நிறையப் பஞ்சு இருந்த நாட்களில் நாங்கள் சிறுவர்கள் அந்தக் குவியலில் குதித்து, தலையெல்லாம் வெள்ளையாய்க் கிழவர்கள் மாதிரி வெளியே வருவோம். அத்தானின் தாயார் விளக்குமாற்றோடு துரத்துவார்.

இப்போது மில்கள் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் பஞ்சை இறுக்கிக் கட்டிய பேல்களாக லாரியில் வரவழைத்துக் கொள்கின்றன. சின்ன வியாபாரிக்கு வேலை குறைந்துவிட்டது. கிட்டங்கியில் பல வருஷங்களாக இருப்பவை ஒரு முறிந்த கட்டில், மூன்று அண்டா, கணக்கில்லாத வௌவால்கள்.

சாயங்காலம் போனேன். அத்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் மகன் பக்கத்தில் நின்றான். இருவரும் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்தவர்களின் முகத்தோடு இருந்தார்கள்.

"மாப்பிள்ளை, நல்ல விலை வருகிறது. இடித்துவிட்டு ஏ.ஸி. வைத்த கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். நானும் எத்தனை வருஷம் வௌவாலுக்குத் தீர்வை கட்டுவது?" என்றார் அத்தான்.

நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லவில்லை. அக்கா கண்ணால் ஜாடை காட்டி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே அவள் மருமகள் தையல் மெஷினை மிதித்துக் கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்குத் தளவாய்புரம் பக்கம். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வட்டாரத்தில் நைட்டி தைப்பது வீட்டுக்கு வீடு நடக்கும் தொழில். வெளியூர்களுக்கெல்லாம் சரக்குப் போகிறது. இவள் கல்யாணமாகி வரும்போதே ஒரு மெஷினோடு வந்தாள். இப்போது இரண்டு. தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் வந்து, இடம் இல்லாததால் முறை வைத்துக்கொண்டு தைக்கிறார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, புருஷனை இழந்தவள் ஒருத்தி, கண் சரியில்லாத மாமியாரை விட்டு வெளியே நகர முடியாத ஒருத்தி. தூரத்து மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போக முடியாதவர்கள் எல்லாரும்.

"மாமா, கிட்டங்கியை எனக்குக் கொடுத்தால் பன்னிரண்டு மெஷின் போடலாம்" என்றாள், தலை நிமிராமல். "ஆர்டர் இருக்கிறது. இடம்தான் இல்லை."

"உன் மாமனாரிடம் சொன்னாயா?"

"அவரிடம் எப்படிச் சொல்வது? விலை பேசி முடிக்கப் போகிற நேரத்தில்."

"அதற்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்" என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

பஞ்சாயத்து என்று வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. "வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வரலாம். அத்தானும் வரட்டும். அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரைமணிப் பயணம். நாங்கள் அக்கா தம்பி இருவரும் பிறந்த ஊர் அது. கோயிலில் தரிசனம் முடிந்ததும் எல்லாரையும் திருமலை நாயக்கர் அரண்மனைக்கு அழைத்துப் போனேன். "இத்தனை வயசுக்கு மேல் இதைப் பார்க்க வேண்டுமா?" என்று முணுமுணுத்தபடியே வந்தார் அத்தான்.

மதுரை மகாலைப் பார்த்தவர்களுக்கு இது அதன் தம்பி மாதிரி தோன்றும். அளவில் சிறியது. நாயக்கருக்கு ஆண்டாளிடம் அளவற்ற பக்தி. இங்கே உச்சிக்கால பூஜை முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் மதுரையில் அவர் சாப்பிட உட்காருவார் என்று ஒரு கதை எங்கள் ஊரில் பாலோடு புகட்டுவார்கள். பூஜை முடிந்ததும் கோயிலில் மணி அடிக்கும். அதைக் கேட்டு வழியிலுள்ள மணி மண்டபத்தில் அடிப்பார்கள். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில். இப்படி மணிச்சத்தம் கைமாறிக் கைமாறி மதுரைக்குப் போய்ச் சேருமாம். அந்த மண்டபங்களில் சில இன்றைக்கும் ரோட்டோரத்தில் நிற்கின்றன.

ராஜா போனார், ராஜ்யம் போயிற்று. அரண்மனை என்ன ஆயிற்று? வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே கோர்ட்டு வந்தது. நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவே மேஜை போட்டு, வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் விசாரித்தார்கள். நெடுங்காலம் அது கோர்ட்டாகவே இருந்தது. இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

அக்கா ஒரு தூணைத் தடவிக்கொண்டு நின்றாள். "தம்பி, அப்பா ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் வெளியே படியில் உட்கார்ந்திருந்தோம். கருப்புக் கோட்டுக்காரர்களைப் பார்த்து நீ அழுதாய்."

"நான் அழவில்லை" என்றேன்.

"அழுதாய். முறுக்கு வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்."

மருமகள் சிரித்துவிட்டாள். அத்தானும் சிரித்தார். பேச இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன்.

"அத்தான், மதுரை மகாலைத் திருமலை நாயக்கர் 1636-ல் கட்டினார். இப்போது நாம் பார்ப்பது மொத்தத்தில் கால்வாசிதான். மீதியை அழித்தது எதிரி இல்லை. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கரே, தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும்போது, இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார். அங்கேயாவது ஓர் அரண்மனை எழுந்ததா என்றால், மதுரைக்கு ஈடாக ஒன்றும் இல்லை. மிச்சமிருந்ததும் விழுந்து கொண்டிருந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு செலவழித்துப் பழுது பார்க்க வைத்தார். அங்கேயும் கோர்ட்டு நடந்தது. 1970 வாக்கில்தான் கோர்ட்டு வேறு இடம் போயிற்று."

"அதனால்?"

"கோர்ட்டு இருந்ததால்தான் இரண்டும் பிழைத்தன. மழை ஒழுகினால் உள்ளே நீதிபதி நனைவார், ஆகவே மறுநாளே ஆள் வரும். ஆள் புழங்குகிற இடத்தில் வௌவால் குடியேறாது. கோர்ட்டு என்றால் குறுக்கே தடுப்பு வைத்திருப்பார்கள், சித்திரத்தின் மேல் வெள்ளையடித்திருப்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனாலும் கூரை நின்றது. காலியாய் விட்டிருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டக் கல் குவியல்தான் இருந்திருக்கும்."

அத்தான் சுலபத்தில் மடங்குகிறவர் அல்ல. "அரண்மனையும் கிட்டங்கியும் ஒன்றா? நான் என்ன திருமலை நாயக்கரா? என் கிட்டங்கிக்கு எந்தக் கவர்னர் பணம் கொடுப்பார்?" என்றார்.

அந்த இடத்தில்தான் பெங்களூர் ஆட்டோக்காரர் எனக்குக் கை கொடுத்தார். அரண்மனையை விட்டுவிட்டு பீர் ஆலைக்கு வந்தேன். பீர் ஆலை என்றால் வெறும் வியாபாரக் கட்டிடம். கிட்டங்கியின் சொந்தக்காரன்.

"அயர்லாந்தில் டப்ளின் என்று ஒரு நகரம். ஆர்தர் கின்னஸ் என்பவர் 1759-ல் அங்கே ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். வருஷம் 45 பவுன் வாடகை. எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? 9000 வருஷத்துக்கு."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். வியாபாரி அல்லவா? "நடுவில் வாடகை ஏற்ற முடியாதா?"

"முடியாது. பிறகு கம்பெனி நிலத்தையே வாங்கிவிட்டது, அது வேறு விஷயம். அந்த வளாகத்தில் 1904-ல் பீர் புளிக்க வைப்பதற்காக ஒரு பெரிய கட்டிடம் கட்டினார்கள். 1988-ல் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. இடிக்கவில்லை. உள்ளே நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் தம்ளர் மாதிரி ஏழு மாடி உயரத்துக்குத் திறப்பு அமைத்து, 2000-ல் ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். இப்போது அந்த ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்."

"ஜப்பானில் ஸப்போரோ என்ற ஊரில் ஒரு செங்கல் கட்டிடம். 1890-ல் அதைக் கட்டியது சர்க்கரை ஆலைக்காக. சர்க்கரை சரிப்படவில்லை. பீர் கம்பெனி 1903-ல் வாங்கி, பார்லியை முளைகட்டும் ஆலையாக்கியது. 1965 வரை அந்த வேலை. 1987 முதல் அது பொருட்காட்சி சாலை. சுவர் ஒன்றுதான். பார்த்த உத்தியோகம் மூன்று."

"டோக்கியோவில் இன்னும் வேடிக்கை. எபிஸு என்பது அவர்களுடைய செல்வக் கடவுளின் பெயர். அந்தப் பெயரை ஒரு பீருக்கு வைத்தார்கள். பீரை ஏற்றி அனுப்ப 1901-ல் ரயில் நிலையம் வந்தது. நிலையத்துக்கும் அதே பெயர். கடைசியில் ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது! 1988-ல் ஆலையை மூடி, இடித்து, 1994-ல் கடைகளும் ஆபீஸ்களும் கட்டினார்கள். பெங்களூரில் நடந்ததும் இதுதான். பெயர் தங்கியது, சுவர் போயிற்று."

"அப்படியானால் இடித்தவனும் பிழைத்துக் கொண்டுதானே இருக்கிறான்?" என்றார் அத்தான்.

சரியான அடி! எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். எல்லாப் பழைய சுவரும் காப்பாற்றத் தக்கது அல்ல. கரையான் அரித்த உத்தரத்தின் கீழே பன்னிரண்டு பெண்களை உட்கார வைப்பது பாவம். பெங்களூரின் நடுவில் மனை விலை என்ன, எங்கள் தெருவில் விலை என்ன? அந்தக் கணக்கு வேறு.

"கிட்டங்கி காலியாய் இருப்பதால்தானே விற்கிறீர்கள்?" என்றேன். "கேட்க ஆள் இருந்தால்?"

"யார் கேட்கிறார்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள், தூணுக்குப் பின்னாலிருந்து மருமகள் முன்னே வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். (பெங்களூர்க் கைப்பை அல்ல, அவளே தைத்தது.)

"நான் கேட்கிறேன், மாமா."

நோட்டில் எல்லாம் இருந்தது. மாதம் எத்தனை உருப்படி, துணி என்ன விலை, கூலி என்ன, மிச்சம் என்ன. கிட்டங்கியின் நீள அகலத்தைக்கூட அளந்திருந்தாள். வடக்கு ஜன்னல் பக்கம் மெஷின்களைப் போட்டால் பகலில் விளக்கு வேண்டாம் என்று படம் போட்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில், மாத வாடகை என்று ஒரு தொகை.

அத்தான் அதைப் பார்த்துத் திகைத்தார். "என் வீட்டு மருமகள் எனக்கு வாடகை கொடுப்பதா? வேண்டுமானால் சும்மா வைத்துக்கொள்ளேன்."

"சும்மா கொடுத்த இடத்தை நாளைக்குச் சும்மாவே திருப்பிக் கேட்கலாம், மாமா. வாடகை என்றால் இரண்டு பக்கமும் கணக்கு இருக்கும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான். அக்காவின் மகன் நோட்டை வாங்கி முதலிலிருந்து படித்தான். வீட்டிலேயே இப்படி ஒரு கணக்கு நடப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தான் ஒன்றும் பேசவில்லை. ராஜபாளையத்தில் இறங்கும்போது, "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது பூட்டிக் கிடக்கும் ஒரு கிட்டங்கியோ பழைய வீட்டின் பின்கட்டோ இருந்தால் உபயோகப்படும்.

முதலில் ஒரு நல்ல மேஸ்திரியைக் கூப்பிட்டு உத்தரங்களைத் தட்டிப் பார்க்கச் சொன்னோம். இரண்டு பழுது. மாற்றியாயிற்று. அக்காவின் மகன் சுவருக்கு சிமெண்ட் பூசிவிடலாம் என்றான். மேஸ்திரி வேண்டாம் என்றுவிட்டார். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். மேலே சிமெண்ட்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரை அரிக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பேதான் பூச வேண்டும். மின்சார வயர் முழுவதும் புதிது. துணித்தூசு தீப்பிடித்தால் பஞ்சு மாதிரிதான், ஆகையால் வெளிப்பக்கமாய்த் திறக்கும் இரண்டாவது கதவு ஒன்று. தினம் மெஷின்களுக்கு அடியில் கூட்டி அள்ள வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. வௌவால்களை யாரும் துரத்தவில்லை. வெளிச்சமும் மெஷின் சத்தமும் வந்ததும் அவை தாமாகவே வேறு இடம் பார்த்துக் கொண்டன.

கனத்த சுவரின் அருமை அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாது. மத்தியான வேளையில் தெருவில் நாய்கூட நடமாடாது. அந்த நேரத்தில் கிட்டங்கிக்குள் போனால் கிணற்றடியில் நிற்பது போல் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே பீர் கெடாமலிருக்கச் சுவரைத் தடியாய்க் கட்டினார்கள். இங்கே அத்தானின் தகப்பனார் பஞ்சுக்காகக் கட்டினார். இப்போது அந்தக் குளிர்ச்சி பன்னிரண்டு பெண்களுக்கு ஆகிறது. இல்லை, கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும். இப்போதைக்கு ஏழு மெஷின்தான். பாக்கி ஐந்து அடுத்த தவணையில்.

போன வியாழக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். ஒரு மூலையில் பழைய புடவையைக் கட்டித் தூளி. அதில் கைக்குழந்தைக்காரியின் குழந்தை. கண் சரியில்லாத அந்த மாமியாரையும் அழைத்து வந்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தைத்து முடித்த நைட்டிகளில் தொங்கும் நூலைத் தடவித் தடவியே கண்டுபிடித்து நறுக்குகிறார் அந்த அம்மாள். கண்ணுள்ளவர்கள் விட்டுவிட்ட நூலை அவர் விரல் விடுவதில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

வாசலில் தகப்பனார் காலத்துக் கணக்கு மேஜையைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு ரசீதுப் புத்தகம்.

"என்ன அத்தான், இங்கே?"

"முதல் தேதி வருகிறதே, மாப்பிள்ளை. வாடகை வாங்க வேண்டாமா?" என்றார். முதல் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

கல்யாண மண்டபக்காரர் இன்னும் ஆளனுப்பிக் கொண்டிருக்கிறார். விலையையும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறாராம். ஒரு வருஷக் கெடு முடியும்போது நோட்டுக் கணக்கு ஜெயிக்குமா, அந்த விலை ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது. அப்போது மறுபடியும் எழுதுகிறேன்.

கிளம்பும்போது அக்காவின் மருமகள் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். உள்ளே அவள் தைத்த ஒரு துணிப்பை. வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் கொடுத்தேன். உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள், தையலை இழுத்துப் பார்த்தாள், தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

"விலைச்சீட்டு இல்லையே?" என்றேன்.

"அதுதான் இதில் விசேஷம்" என்று சொல்லிவிட்டு, காய்கறிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.